நாலாவது ஆள்

"நீங்கதானே ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இங்க விளையாடறவங்க?" என்று கேட்டார் வாசலில் நின்றவர்.

"நாங்களேதான்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன். பல் டாக்டரும் வாத்தியாரும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்கள்.

காரணம் இருக்கிறது. எங்கள் குழுவின் நாலாவது ஆள் மாற்றலாகிப் போய் மாதக்கணக்காகிறது. எங்களிடம் இருக்கும் சாகச விளையாட்டுகளில் பாதி, நாலு பேர் உட்காராவிட்டால் பெட்டியை விட்டே வெளியே வராது.

லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினோம். 'மேஜை விளையாட்டில் மலை ஏற, குகைக்குள் புக, துணிச்சலான ஒருவர் தேவை.' அதன் அடியில் யாரோ 'முதலில் மாடிப்படி ஏறிப் பழகுங்கள்' என்று கிறுக்கிவிட்டுப் போனதுதான் வந்த ஒரே பதில்.

கிறுக்கினவரைக் குறை சொல்ல முடியாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எனக்கு, மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுக்க ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். வாத்தியாருக்குப் பல்லி ஆகாது. பல் டாக்டரோ, தன் சொத்தைப் பல்லை இன்னொரு டாக்டரிடம் காட்டப் பயந்து, வருஷக்கணக்காக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறார்.

"நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று ஆரம்பித்தார் வந்தவர்.

"அனுபவம் இல்லைங்கறீங்க, அதானே? அதெல்லாம் தானா வந்துடும்" என்று அவரை உட்கார வைத்தார் வாத்தியார்.

வந்தவருடைய கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்து கிடந்தன. "ராப்பகலா ஆடற ஆள் போலிருக்கு, விட்டுடாதீங்க" என்று டாக்டர் என் காதில் கிசுகிசுத்தார்.

மேஜைமேல் எரிமலைத் தீவு விரிந்திருந்தது. எரிமலை வெடிப்பதற்குள் நாலு பேரும் படகுக்குப் போய்ச் சேர வேண்டும். அதை விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தவர்கள், வழக்கம்போல ஆளுக்கொரு அபிப்பிராயத்தில் போய் விழுந்தோம்.

"சாகசம்னா யோசிச்சு ஆடணும்" என்றார் வாத்தியார். "பகடையில விழுந்த எண்ணுக்குச் சாகறது சாகசமில்ல. சாலை விபத்து."

"யோசிக்கணும்னா வீட்டுல உக்காந்து பேப்பர் திருத்துங்க. பகடையைக் கையில எடுத்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கணும்" என்றார் டாக்டர்.

"கதைதான்யா முக்கியம். எரிமலை ஏன் வெடிக்குதுன்னே தெரியாம ஓடறதுல என்ன ருசி இருக்கு?" இது நான்.

"வெடிச்சா ஓடணும். காரணம் கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது" என்று டாக்டர் மேஜையை ஒரு குத்து குத்தினார். வாத்தியார் பதிலுக்குக் குத்தினார். எனக்கும் கை சும்மா இருக்கவில்லை.

வந்தவர் எழுந்துவிட்டார். இதற்கு முன் நாங்களாகக் கூட்டி வந்த இரண்டு பேரும் இந்த இடத்தில்தான் செருப்பைத் தேடினார்கள். இவரும் போனால், மூன்று கிழட்டு வீரர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் துணி மடிக்க வேண்டியதுதான்.

"கிளம்பறேங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம்..." என்றார்.

"ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டுச் சொல்லுங்க" என்று பகடையை அவர் கையில் திணித்தேன். "அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறோம்."

அவர் கதவைப் பார்த்தார். பகடையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுக்கொண்டு உருட்டினார்.

முதல் உருட்டலிலேயே பள்ளத்தில் விழுந்தார். "இது அநியாயம்" என்றார் மெதுவாக.

டாக்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மனிதருக்கு அபிப்பிராயம் வந்துவிட்டது.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஆட்டத்தில் கயிறு வைத்திருந்த வாத்தியார் அதை யாருக்கு வீசலாம் என்று யோசிக்க யோசிக்க, இவர் நாற்காலிமேல் ஏறி நின்று, "பாடமா நடத்தறீங்க? இந்தப் பக்கம் வீசுங்கய்யா" என்று போட்ட போட்டில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எங்கள் மூவரின் தொண்டையையும் சேர்த்தாலும் அந்தக் குரலுக்கு ஈடாகாது.

எரிமலை வெடிக்கப் போகும்போது மூன்று பேர் படகில் இருந்தோம். அவர் மட்டும் கரையில். ஆறு விழுந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பகடையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு உருட்டினார்.

ஆறு.

நாங்கள் போட்ட கூச்சலை எழுத்தில் எழுத முடியாது. வாத்தியார் டாக்டரைக் கட்டிக்கொண்டார். நாற்காலியிலிருந்து வந்தவர் தொம்மென்று தரையில் குதித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவீங்கல்ல?" என்றேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கிடக்கட்டும். இப்பவே இன்னொண்ணு போடுங்க" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "ஆனா பகடைதான் விளையாட்டுக்கு உயிர். யார் என்ன சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்." மேஜையில் ஒரு குத்து.

அப்போது மறுபடியும் மணி அடித்தது.

"பார்த்தீங்களா, நோட்டீஸ் வேலை செய்யுது. அஞ்சாவது ஆளும் வந்தாச்சு" என்றார் டாக்டர்.

கதவைத் திறந்தேன். தோளில் வீறிட்டு அழும் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். என்னைத் தாண்டி, கையில் பகடையோடு நின்றவரைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"குழந்தை தூங்கணும், சத்தம் போடாதீங்கன்னு சொல்லத்தானே உங்களை மேல அனுப்பினேன்?"