பதினேழாம் நம்பரில் பூஜ்ஜியம்

பத்து மணிக்குப் பதினேழாம் நம்பர் நின்றுபோனது.

சிங்கப்பூர் கிளமெண்டியில் ஒரு கணினிப் பயிற்சி வகுப்பின் கடைசி வரிசையில், மடிக்கணினித் திரையைப் பார்த்தபடி மருதப்பனும் ஏறக்குறைய நின்றுபோனார். அவரே எழுதிய பைத்தான் நிரல் வரைந்த மின் உற்பத்திக் கோடு அது. ஒன்பது ஐம்பது வரை மேலே துள்ளிக்கொண்டிருந்தது, சரியாகப் பத்து மணிக்குத் தரையோடு படுத்துவிட்டது.

பதினேழு என்பது தைவான் கடலில் நிற்கும் காற்றாலை. அதைப் பழுதுபார்க்கும் குழுவில்தான் அவர் மகள் ரக்ஷனா டெக்னீஷியனாக இருந்தாள். "பத்து மணிக்குப் பதினேழுல ஏறுறேன்பா" என்று காலையில் செய்தி அனுப்பியிருந்தாள். எதில் ஏறுகிறாள் என்று அவள் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஐம்பத்தேழு வயதில் மனிதர் நிரல் எழுதக் கற்க வந்ததே அவளுக்காகத்தான். மகளின் கம்பெனி, பயிற்சிக்கென்று தன் காற்றாலைகளின் தகவலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்த வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கோடு ஆடுகிற வரை மகள் நலம் என்று இவராகவே ஒரு கணக்கு வைத்திருந்தார்.

பத்து பத்துக்கும் பூஜ்ஜியம். பத்து இருபதுக்கும் பூஜ்ஜியம். பக்கத்துப் பதினாறும் பதினெட்டும் ஜாம் ஜாமென்று மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தன. பதினேழின் இறக்கைக் கோணம் தொண்ணூறு என்று இன்னொரு கட்டத்தில் இருந்தது, ஆனால் அதற்கு என்ன பொருள் என்பது அடுத்த வாரப் பாடம்.

பயிற்சியாளர் சாதியாவைக் கூப்பிட்டார். அவள் கணினிக்காரி, காற்றாலையைப் படத்தில் பார்த்ததோடு சரி.

"சென்சர் போயிருக்கும் அங்கிள். கவலைப்படாதீங்க லா."

"சென்சர் போனா அந்த இடம் பிளாங்க்கா இருக்கும், பூஜ்ஜியம் வராதுன்னு போன வாரம் நீதானம்மா சொன்னே?"

பாடம் இவ்வளவு நன்றாக மண்டையில் ஏறியிருக்கும் என்று சாதியா எதிர்பார்க்கவில்லை. கம்பெனி அலுவலகத்துக்குப் போன் அடித்துப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை.

மருதப்பன் மகளுக்கு ஆறு தடவை அடித்தார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. இறக்கை ஒடிந்திருக்குமோ? தீப்பிடித்திருக்குமோ? அவள் மாட்டியிருந்த கயிறு... அதற்கு மேல் நினைக்கத் தைரியம் இல்லை.

ஏழாவது தடவை அடிப்பதற்குள் மனைவி பூவம்மா அழைத்துவிட்டாள்.

"ஏங்க, தேக்கா மார்க்கெட்ல இருக்கேன். பாப்பா வெள்ளிக்கிழமை வந்துடுவால்ல, நண்டு வாங்கிடவா?"

"வாங்கு."

"ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஏர்கான் குளிரு."

போனை வைத்தபோது சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மகளுக்கு நண்டு பொறுக்கிக்கொண்டிருப்பவளிடம் என்னவென்று சொல்வது?

முருகா, தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு கோயில் வரை பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். பத்து நாற்பதுக்கும் பூஜ்ஜியமே வந்தது. காவடி என்று மாற்றிக்கொண்டார். பதினொன்றுக்கும் அதே பூஜ்ஜியம். அலகுக் காவடி என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பன்னிரண்டரைக்குப் போன் அலறியது. ரக்ஷனா!

"என்னப்பா, பதினெட்டு மிஸ்டு கால்? ஏறும்போது போனைக் கீழ படகுலயே வெச்சுடுவோம்லா. இப்பதான் சாப்பிட இறங்கினேன். வீட்ல ஏதும் பிரச்சினையா?"

மருதப்பனுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "உனக்குத்தாம்மா ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்து செத்தேன். பத்து மணியிலேருந்து பதினேழு சுத்தவே இல்ல! எல்லாம் பூஜ்ஜியமா வருது!"

மறுமுனையில் கடல்காற்றின் இரைச்சலுக்கு நடுவே மகள் சிரித்தாள்.

"நான் மேல இருக்கும்போது அது சுத்துனாத்தாம்பா நீங்க பயப்படணும்!"