ஒன்றரை மில்லிமீட்டர்

கத்தியை அவன் டாட்டூ மைத்தட்டின் மேல் வைத்தான்.

மீன் வெட்டுகிற கத்தி. பிடியோரம் இரண்டு செதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறு கை மனைவியின் கொண்டையில் இருந்தது. அப்படியே இழுத்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறி வந்திருந்தான். நாற்காலியில் தள்ளினான். ரவிக்கையின் கழுத்தை இழுத்து, காறையெலும்புக்குக் கீழே விரலால் ஒரு கோடு கிழித்துக் காட்டினான்.

"இங்க எம்பேரு. சண்முகவேல். முழுசா வரணும். ரெண்டு தடவ அவ அம்மை வீட்டுக்கு ஓடிட்டா. இனி எங்க ஓடுனாலும் யாரு பொண்டாட்டின்னு தெரியணும்."

பெனிட்டா அந்த டாட்டூ கடையில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ரப்பர் தோலில் குத்தியிருக்கிறாள். கறிக்கடையில் வாங்கி வந்த பன்றித்தோலில் குத்தியிருக்கிறாள். தன் தொடையில் ஒரு நட்சத்திரம். வேறோர் உயிர் மேல் இதுவரை ஊசி வைத்ததில்லை.

கடைக்காரர் ரீகன் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்.

"அண்ணன் வந்துரட்டும். நான் பழகுறவதான்."

அவன் பெனிட்டாவை ஒன்றும் செய்யவில்லை. மனைவியைத்தான் அறைந்தான்.

தலை நாற்காலிக் கம்பியில் இடித்துத் திரும்பியது. உதடு கிழிந்தது. அந்தப் பெண் அழவில்லை. உதட்டைத் துடைக்கவும் இல்லை.

"பழகு," என்றான்.

பெனிட்டா கையுறையை மாட்டினாள்.

ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கினால் மை நிற்கும். மேல்தோலோடு நின்றுவிட்டால், பொருக்கு உரியும்போது மையும் சேர்ந்து உரிந்துவிடும். தொடை நட்சத்திரம் அப்படித்தான் மூன்று வாரத்தில் காணாமல் போயிருந்தது.

மெஷின் இரைந்தது.

அவள் மேலோடு போனாள்.

எழுத்துகள் கறுப்பாக, பளபளவென்று விழுந்தன. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அவன் கத்திமுனையால் நகத்தைச் சுரண்டிக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டு வாசித்தான்.

'மு'வுக்கும் 'க'வுக்கும் நடுவில், இரைச்சலுக்குள் குனிந்து, அந்தப் பெண்ணின் காதோரம் சொன்னாள்.

"மூணு வாரத்துல அழிஞ்சிரும்க்கா. அதுக்குள்ள எங்கயாவது போயிருங்க."

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

முடிந்தபின் பெனிட்டா எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னாள். லேசான சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். களிம்பு மெல்லிசாகத் தடவ வேண்டும். பொருக்கைப் பிய்க்கக் கூடாது, சொறியக் கூடாது. வெயில் படக் கூடாது. அந்த இடத்தில் அடிகிடி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அவன் சிரித்தான்.

பதினாறாம் நாள் மத்தியானம் அந்தப் பெண் தனியாக மாடி ஏறி வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை விலக்கினாள்.

'ண்' மட்டும் மிச்சம். 'வே'யில் பாதி.

காறையெலும்பிலிருந்து தோள்வரை அடிபட்ட நீலம். ஓரங்களில் மஞ்சள். இடது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது.

"நானே தேச்சு அழிச்சுட்டேன்னு சொல்லுதான்."

பெனிட்டா கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தாள்.

"ஏன்க்கா போகல?"

"பிள்ளைய வச்சுக்கிட்டு கீழ நிக்கான்."

பெனிட்டா ஜன்னலுக்குப் போனாள். வேப்பமரத்தடியில் பைக். பெட்ரோல் டேங்கின் மேல் நான்கு வயதுப் பெண் குழந்தை. பின்னால் அவன். தாடையைக் குழந்தையின் உச்சந்தலையில் ஊன்றிக்கொண்டு மாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள் அறையிலிருந்து ரீகன் வந்தார். குனிந்து பார்த்தார்.

"கோடு இறங்கவே இல்லையே பெனி. மேலோட கீறி விட்டுருக்க."

நீலத்தையும் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"திருத்திக் குடு."

"தோல் இன்னும் ஆறலண்ணே."

"ஆழமாப் போடு," என்றாள் அந்தப் பெண். ரீகனிடம் இல்லை, பெனிட்டாவிடம்.

ஊசி இறங்கியது.

மைக்கு முன்னால் இரத்தம் வந்தது. துடைத்தாள். வந்தது. துடைத்தாள். நீலத்தின் மேல் கறுப்புக் கோடு போவது எங்கே என்றே சில இடங்களில் தெரியவில்லை.

'மு'வில் கை நின்றுவிட்டது.

கட்டுப் போட்ட விரல்கள் வந்து அவள் மணிக்கட்டைப் பற்றின. கீழ்நோக்கி அழுத்தின.

"இன்னும்."

ஊசியின் அதிர்வு எலும்பில் போய் இடித்து, பெனிட்டாவின் முழங்கைவரை திரும்பி வந்தது. அந்தப் பெண்ணின் கால்விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன.

ஆறு எழுத்தும் முடிய ஒரு மணி நேரம் ஆனது.

ரீகன் விளக்கைத் திருப்பி வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதான் கை. இனி ஆயுசுக்கும் போகாது. உன் முதல் வேலைல்லா, ஒரு போட்டோ எடு. கடை பேஜ்ல போடுவோம்." கொஞ்சம் நிறுத்திச் சேர்த்துக்கொண்டார். "அந்தக் காயம் விழாம எடு."

அவர் கை கழுவ உள்ளே போனார்.

கீழே ஹாரன் அடித்தது.

பெனிட்டா தன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் பெயர் மட்டும் நின்றது.

ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். பெயர், நீலம், தோள்.

இன்னோர் அடி. முகம்.

அந்தப் பெண் முதலில் கைபேசியைப் பார்த்தாள். பிறகு அதைப் பிடித்திருந்தவளைப் பார்த்தாள்.

மறுபடியும் ஹாரன். இம்முறை நிறுத்தாமல்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையை எடுத்து, வெளிச்சம் படுகிற இடத்தில் மடிமேல் வைத்தாள்.

பிறகு மெதுவாக, மறு தோளிலிருந்தும் துணியை இறக்கினாள். அங்கேயும் நீலம்.