இடது பக்கம் வந்த பந்து

பந்து விழுந்த சத்தம்தான் அவருக்குக் கேட்டது. வந்த பந்தை அவர் பார்க்கவில்லை.

திரும்பினார்.

மஞ்சள் கம்பளிப் பந்து இடது காலுக்கு இரண்டடி தள்ளிச் செம்மண்ணில் கிடந்தது.

மைதானத்தில் ஒருவரும் பாயிண்ட் என்று கத்தவில்லை.

அடித்தவன் நந்தகோபால். சேலத்திலிருந்து கோவில்பட்டிக்கு மாற்றலாகி வந்த வங்கிக்காரன். வந்து பத்து நாள்தான் ஆகிறது. நாளைக் காலையிலிருந்து இந்தப் பூப்பந்துக் குழுவில் அவருடைய இடத்தில் நிற்கப்போகிறவன். இன்று எதிர்ப்பக்கம் ஒரு ஆள் குறைந்தது, அங்கே நின்றான்.

அவருக்கு மாலையில் ரயில். சென்னை போய், அங்கிருந்து விமானம். ஆக்லாந்தில் மகன் வீடு. அவரும் மனைவியும் இனி அங்கேதான்.

இங்கே அவருக்கு இது கடைசி ஆட்டம். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு என்று நின்றபோதுதான் அந்தப் பந்து வந்தது.

வலைக்கு அந்தப் பக்கமிருந்து குருவையா கத்தினார்.

"ஏய், அண்ணாச்சிக்கு அந்தப் பக்கம் போடக் கூடாதுன்னு இவருட்ட ஒருத்தருமா சொல்லல?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று குருவையாவுக்கு உறைத்தது. மட்டையால் வாயை மறைத்துக்கொண்டார்.



அவருக்கு இடது கண் பார்வை போய் இரண்டு வருடம். சர்க்கரை செய்த வேலை. மதுரையில் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இனி வராது என்றார். வீட்டில் தெரியும். மைதானத்தில் அவர் மூச்சு விடவில்லை. சொன்னால், ஓரமா உக்காந்து பாருங்க அண்ணாச்சி என்பார்கள். அதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

மறைத்துக்கொண்டு விளையாட வந்தார்.

ஜெயித்தார்.

இரண்டு வருடமாக ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார். வீட்டுக்குப் போய், "ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டே இவனுங்கள ஓட விடுதேன் பாத்தியா" என்று மனைவியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

நந்தகோபாலை விட்டால் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் ஒருநாள் இவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். அவர் வராத ஒருநாள். டீக்கடையிலோ, இதே வேப்பமரத்தடியிலோ. அண்ணாச்சிக்கு அந்தப் பக்கம் தெரியல என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வோம் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

எந்த நாள்?

ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"எத்தன நாளா?" என்றார்.



நந்தகோபால்தான் வலைக்குப் பக்கத்தில் வந்தான். "மன்னிச்சுக்குங்க சார். எனக்குத் தெரியாதுங்க."

"மன்னிப்பு எதுக்கு? நல்ல அடி. பாயிண்ட் உங்களுக்கு." குரல் உயர்ந்துவிட்டது. கோபம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். என்னவென்று அவருக்கே தெரியவில்லை. "அடுத்ததையும் அங்கேயே போடுங்க."

நந்தகோபால் குருவையாவைப் பார்த்தான்.

"அவர ஏன் பாக்கீங்க? போடுங்க."

போட்டான்.

அவர் கழுத்தை முழுக்கத் திருப்பினார். பந்து தெரிந்தது. மட்டை போய்ச் சேருவதற்குள் தரையைத் தொட்டுவிட்டது.

முப்பத்துநான்கு.

"இன்னொண்ணு."

இந்த முறை பந்து இன்னும் வேகமாக வந்தது. அவர் திரும்பவில்லை. காதால் கேட்டு, தோராயமாக மட்டையை வீசினார்.

மட்டை காற்றில் போனது. அதே நொடியில் இடப்பக்கத்திலிருந்து ஒரு உடம்பு பாய்ந்து வந்து அவர் தோளில் இடித்தது.

ஞானதுரை. பின்வரிசையில் அவருக்கு இடது பக்கம் நிற்பவன். பதினாறு வருடமாக அங்கேதான் நிற்கிறான்.

அவன் எடுத்த பந்து வலையில் பட்டு விழுந்தது. முப்பத்தைந்து. ஆட்டம் முடிந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒருவரும் கை தட்டவில்லை.

அவர் ஞானதுரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இதே பந்துக்காகத்தான் இரண்டு வருடமாக அவனைத் திட்டியிருக்கிறார். "எம் பந்துக்கு ஏம்லே வார? உன் எடத்துல நிக்கத் தெரியாதா?" எல்லார் முன்னாலும். போன ஆவணியில் ஒரு மாதம் பேச்சையே நிறுத்தினார். பேராசை பிடித்தவன் என்று ஊரெல்லாம் சொன்னார்.

அவன் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து நின்றான். தப்பி அந்தப் பக்கம் வந்த பந்தை எடுத்தான்.

இப்போது ஞானதுரை முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டிய இடத்தையே திரும்பத் திரும்பத் தட்டினான்.

ஏதாவது சொல்ல வேண்டும். அவன் பக்கம் ஒரு எட்டு வைத்தார்.

குருவையா சால்வையைப் பிரித்துக்கொண்டு வந்தார். போர்த்தினார். ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். போன உடனே போன் போடுங்க என்றார்கள். குளிருமாமே என்றார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நந்தகோபால் தயங்கித் தயங்கி வந்தான்.

"நாளைக்கு நான் எங்க நிக்கணுங்க சார்?"

அவர் அவன் கையைப் பிடித்து அழைத்துப்போனார். பின்வரிசையில், வலது மூலையில், மண் தேய்ந்து பள்ளமான இடத்தில் நிறுத்தினார்.

"இங்க நில்லுங்க."

ஞானதுரை நான்கடி தள்ளித்தான் இருந்தான்.

"இவன் உங்க பந்தையும் எடுக்க வருவான்," என்றார். "திட்டிராதீங்க."

ஞானதுரை விறுவிறுவென்று கம்பத்துக்குப் போனான். முதுகைக் காட்டிக்கொண்டு வலைக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

அடுத்த ஆட்டத்துக்கு ஆட்கள் மட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை.