முழுக்கை ரவிக்கை

இடது கையைத் தூக்க முடியவில்லை அவளுக்கு.

பீரோக் கண்ணாடியில் பார்த்தாள். தோளுக்குக் கீழே நான்கு விரல் தடம். பின்பக்கம் கட்டைவிரல். நேற்று சாயங்காலம் சிவப்பாக இருந்தது, இப்போது கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

பத்து மணிக்கு அப்பா வருகிறார். திருவண்ணாமலையிலிருந்து ஏழு மணி பஸ் பிடித்து, ஒரு கூடை மாம்பழத்தோடு.

பார்த்தால் அந்த மனிதர் தாங்கமாட்டார். பார்க்காமல் திரும்பிப் போய்விட்டால் இவளுக்கு யார் இருக்கிறார்கள்?

கூடத்தில் தியாகு பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தான்.

"மதி, மாமா வர்றார்ல? நல்லா டிரஸ் பண்ணிக்கோம்மா."

அம்மா போட்டுத்தான் பேசினான். இப்படியும் ஒரு புருஷனா என்று கேட்கிறவர்கள் கண் வைத்துவிடுவார்கள்.

கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி இருந்தது. கல்யாணமான புதிதில் மாமியார் இழுத்துக் கொடுத்தது.

"கரையான் திங்கறதுக்கு நீயாவது போட்டுக்கோ மதி."

அடேயப்பா, அதற்குள் ஒரு காலமே மடித்து வைத்திருந்தது. பெரிய பூப்போட்ட நைலக்ஸ் புடவைகள். பஃப் கை வைத்த ரவிக்கை, காலர் வைத்த ரவிக்கை. மதிக்குக் கேட்கவா வேண்டும்? திங்கட்கிழமை எழுபதுகள், செவ்வாய்க்கிழமை எண்பதுகள் என்று கல்லூரி நூலக வேலைக்கு உடுத்திப் போனாள். பழைய ரவிக்கைக்குப் புது லினன் புடவை, தலையில் ஒற்றை ரோஜா, தினமும் ஒரு ஸ்டேட்டஸ். பிள்ளைகள் புத்தகம் எடுத்தார்களோ இல்லையோ, இன்றைக்கு மேடம் என்ன காலத்தில் வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பெட்டியில் முழுக்கை ரவிக்கைகள்தான் அதிகம். பதினொன்று. எல்லாம் மணிக்கட்டு வரை.

"வேலூர் வெயில்ல முழுக்கையா! செம ஸ்டைல் அத்தை நீங்க" என்றாள் ஒருநாள்.

அத்தை சிரித்தாள். உள்ளே போய் மிக்ஸியைப் போட்டாள். வெகுநேரம் அது ஓடியது.

அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு 'எண்பதுகளின் ராணி' என்று ஸ்டேட்டஸ் வேறு வைத்தாளே, பாவி! இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

பெட்டியின் அடியில் ஒன்றே ஒன்று, கையில்லாதது. மஞ்சளில் கறுப்புப் பொட்டு. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் தைத்தது என்று அத்தை சொல்லியிருந்தாள்.

நேற்று அதைத்தான் போட்டுக்கொண்டு போனாள் மதி. ஸ்டேட்டஸை நாற்பது பேர் பார்த்தார்கள்.

தியாகுவும் பார்த்தான்.

தட்டாமல் கதவைத் திறந்துகொண்டு அத்தை வந்தாள். கத்திரி வெயிலிலும் மணிக்கட்டில் கொக்கி போட்ட ரவிக்கை. பழகிவிட்டது என்பாள். கட்டிலில் எதையோ வைத்தாள். மதியின் முகத்தைப் பார்க்கவில்லை. போய்விட்டாள்.

காப்பிப்பொடி நிறத்தில் ஒரு முழுக்கை ரவிக்கை. தேய்த்திருந்தது. பக்கவாட்டில் இவள் அளவுக்குப் பிடித்துக் கையால் தைத்திருந்தது.

நேற்று அது நடந்தபோது அத்தை கோயிலில் இருந்தாள். மதி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

கையில் எடுத்தாள். பெட்டியில் இருப்பவை எல்லாம் அந்துருண்டை வாசம் அடிக்கும். இதில் அந்த வாசம் இல்லை.

துணியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தலைதீபாவளிக்கு அத்தைக்கென்று இவளே கடையில் தேடித் தேடி எடுத்த புடவை. அதோடு வந்த ரவிக்கைத் துணி. முழுக்கைக்குத் துணி போதவில்லை போலிருக்கிறது. முழங்கைக்குக் கீழே அதே நிறத்தில் வேறு துணி ஒட்டுப் போட்டிருந்தது.

போன தீபாவளிக்குத் தைத்தது.

மாமனார் செத்து ஆறு வருஷம் ஆகிறது. பின்னே, ஒட்டுப் போட்டாவது மறைக்க என்ன இருந்தது? கூடத்தில், தியாகுவின் தலைக்கு மேலே, மாலையோடு தொங்குகிறார்.

குப்பென்று வியர்த்தது மதிக்கு. பயம்தான், வேறென்ன? ரவிக்கையை மடித்துத் தலையணை மேல் வைத்தாள்.

குனிந்து பெட்டியைத் திறந்தாள்.

மஞ்சளில் கறுப்புப் பொட்டு. இடது கை நுழைய மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நுழைத்தாள். புடவையைச் சுற்றி, முந்தானையை அள்ளித் தோளில் போட்டாள்.

அத்தை மறுபடி வந்தாள், கையில் மல்லிகைச் சரத்தோடு. ரவிக்கையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். சரம் அப்படியே நின்றது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கேட் திறந்தது.

"மதீ!"

அப்பாவின் குரல்.

அத்தை கதவைச் சாத்தினாள். கிட்டே வந்து முந்தானையைப் பிடித்தாள். இழுத்து மூடப் போகிறாள் என்று மதி கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடவில்லை.

அத்தை முந்தானையை ஒவ்வொரு மடிப்பாக மடித்தாள். ஒடுக்கமாக, தோளோடு ஒட்டிப் பின் குத்தினாள். இடது கை முழுசாக வெளியே தெரிந்தது.

கூடத்தில் பேப்பர் மடியும் சத்தம். காலடிச் சத்தம் வாசலுக்குப் போகவில்லை, அறைப்பக்கம் வந்தது. கதவுக்கு வெளியே நின்றது.

"டிரஸ் பண்ணியாச்சா?"

"ஆச்சுடா" என்றாள் அத்தை.

சொல்லிவிட்டுத் தன் மணிக்கட்டுக் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்தாள்.