காணாமல் போன 1,856 கிலோஜூல்

நாலு மணி நேரம் ஆகியும் தமால் வேகவில்லை.

வேதியியல் ஆசிரியர் லெயோபார்டோ பானையைத் திறந்து, சோள மட்டைகளில் பொதிந்திருந்த இருபது கிலோ சோள மாவுக் கொழுக்கட்டைகளின் நடுவே தெர்மாமீட்டரைச் செருகினார். அறுபத்தொரு டிகிரி. அரை மணிக்கு முன்பும் அதேதான். வேக வேண்டுமானால் தொண்ணூறு வேண்டும்.

அடியில் தண்ணீர் என்னவோ தளதளவென்று கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

முற்றத்தில் பள்ளி ஆசிரியர்கள் முப்பது பேர் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜனவரி ஆறாம் தேதி ரொட்டிக்குள் ஒளித்த குழந்தைப் பொம்மை யார் துண்டில் வருகிறதோ, பிப்ரவரி இரண்டாம் தேதி அவர் எல்லோருக்கும் தமால் போட வேண்டும். பியூப்லா ஊர் வழக்கத்தில் அதற்கு மேல்முறையீடு கிடையாது. இந்த வருஷம் பொம்மை லெயோபார்டோவின் பல்லில் கடிபட்டது.

"வீட்டுல யாரோ கோவமா இருக்காங்க வாத்தியாரே. கோவம் இருக்கிற வீட்டுல தமால் எப்படி வேகும்? கோவக்காரங்களைப் பானையைச் சுத்தி ஆட விடுங்க, தானா வெந்துரும்," என்றார் உயிரியல் ஆசிரியர் நிக்கானோர்.

லெயோபார்டோ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிலிண்டரை எடை போட்டார். எரிந்த வாயு தந்த வெப்பம், ஆவி கொண்டுபோனது, பானையும் காற்றும் தின்றது என்று ஒரு சோள மட்டையில் கணக்கெழுதினார். மாவு ஒரு டிகிரி ஏற அறுபத்து நாலு கிலோஜூல். மூன்று முறை கூட்டியும் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறு கிலோஜூல் இடித்தது.

வெப்பம் தொலையாது. இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு அவர் தொண்டை வற்றச் சொன்ன பாடம் அது. கோபம் வெப்பத்தைக் கக்கும் என்றுதான் நினைத்திருந்தார். இது உறிஞ்சுகிற வகை போலிருக்கிறது.

அவருக்கு அந்த வெப்பம் எங்கே போயிருக்கும் என்று தெரியும்.

நவம்பரில் மாமனாரின் ஆண்டு நினைவுத் திருப்பலி. ஆய்வகத்தில் சுண்ணாம்பு நீற்றும்போது வரும் சூட்டை அளந்துகொண்டிருந்தவர், போகவே மறந்துவிட்டார். அன்றிலிருந்து மனைவி ஒப்துலியா ஒரு சுடுசொல் சொன்னதில்லை. மூன்று மாதமாக அந்தச் சண்டைக்காகப் பயந்து பயந்து காத்திருந்தார்.

முதலில் மற்றவர்களை ஆடவிட்டார்.

தலைமையாசிரியர் ஆடியதும் ஏழு டிகிரி ஏறியது. பரிசளிப்பு விழாவில் லெயோபார்டோ தன் பெயரைச் சொல்லாமல் விட்டதை அந்த மனிதர் இன்னும் மனதில் வைத்திருந்தார். நிக்கானோர் ஆடியதும் பதினொன்று. ஆய்வக அலமாரிச் சாவியை லெயோபார்டோ தராத பழைய விவகாரம். மற்றவர்கள் ஆடியதில் தரைதான் தேய்ந்தது.

எழுபத்தொன்பது. மீதி எழுநூற்று நாலு கிலோஜூல்.

ஒப்துலியா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். லெயோபார்டோ தெர்மாமீட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அவள் மூன்று சுற்று ஆடினாள். அழகாக ஆடினாள். அவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

பாதரசம் மயிரிழைகூட அசையவில்லை.

"குடுத்துவெச்ச ஆளுய்யா நீ! வீட்டம்மாவுக்கு உன் மேல துளி கோவம் இல்லை!" என்றார் தலைமையாசிரியர். முற்றமே கைதட்டியது.

லெயோபார்டோ மட்டும் தட்டவில்லை. பாதரசம் அசையாவிட்டால் என்ன அர்த்தம் என்று ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவர் அவர். ஒன்று, வினை தொடங்கவே இல்லை. இல்லையென்றால், அது முடிந்துவிட்டது.

தொடங்கியது பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு, சர்ச்சில், சாட்சிகளோடு.

யாரும் கேட்காமலே அவர் ஆட ஆரம்பித்தார். அவள் ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா, ஒரு தட்டையாவது உடைத்திருக்கக் கூடாதா என்று அவருக்கு அழுகை முட்டியது. யார் மேல் கோபம் என்று தெரியாமல், முழங்கால் வலிக்க வலிக்கச் சுற்றினார்.

தொண்ணூறு. கணக்கு நேரானது.

ஒப்துலியா ஒரு தமாலை எடுத்துப் பிரித்தாள். மட்டை ஒட்டாமல் உரிந்து வந்தது. ஆறை எண்ணி எடுத்துத் துணியில் முடிந்துகொண்டாள்.

"நல்லா வெந்துருச்சு லெயோ. மிச்சத்தை எல்லாருக்கும் போடு. எனக்கு இது போதும், ஊருக்குப் போற பஸ்ஸுல சாப்பிட்டுக்கறேன்."