ஐஸ் பெட்டிக்குள் புறூனோ

"இன்னும் ஒரு வாளி கொட்டுங்கோ! பிள்ளை வரேக்கை இது உயிரோடை இருக்கவேணும்!" என்று செலீனா கத்தினாள்.

கணவர் கொன்ஸ்ரன்ரைன் கொட்டினார். பேசாலையில் மீன் வாடி வைத்திருப்பவருக்கு ஐஸுக்கா பஞ்சம்? பெரிய மீன் பெட்டிக்குள் கழுத்துவரை ஐஸில் புதைந்து கிடந்தது புறூனோ. நோர்வேயிலிருந்து மகள் பெற்றிசியா கூட்டிவந்த சடைநாய். அதை இவர்களிடம் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போயிருந்தாள்.

மன்னார்க் கழுதைகளே நிழல் தேடி அலைகிற வெயில். பனிநாட்டு நாய் எப்படித் தாங்கும்? நாய்க்கு ஏதாவது ஆனால் பெற்றிசியா ஆயுசுக்கும் முகத்தில் விழிக்கமாட்டாள். அந்தப் பயத்தில் கொன்ஸ்ரன்ரைனுக்கு நித்திரையே இல்லை. ஐஸ் முழுக்க நாய்க்கே போக, வாடியில் பாரை மீன் நாறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஆனாலும் நாய் நாளுக்கு நாள் மோசமானது. சாப்பாட்டைத் தொடவில்லை. கால்கள் நாலும் மரக்கட்டையாக விறைத்துப் போயின.

"வெக்கை உள்ளுக்கை இறங்கிட்டுது," என்றார் கொன்ஸ்ரன்ரைன். ஐஸைக் கூட்டினார்.

பெற்றிசியா திரும்பி வரவேண்டிய நாள் மத்தியானம், புறூனோ எப்படியோ பெட்டியிலிருந்து உருண்டு விழுந்து, கருவாடு காய்கிற இடத்துக்கு ஊர்ந்து போனது. கொதிக்கிற மணலில் மல்லாந்து படுத்து வாலை ஆட்டியது.

"அந்தோனியாரே! மூளை கலங்கிட்டுது!" செலீனா குழறினாள்.

இருவருமாக அதை இழுத்துவந்து மறுபடி பெட்டிக்குள் போட்டார்கள். நாய் உறுமியது. செலீனா அதன் தலையில் ஈரத் துவாயையும் சுற்றிவிட்டாள்.

பின்னேரம் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. பெற்றிசியா இறங்கினாள். கொன்ஸ்ரன்ரைனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பிள்ளை, எங்களாலை ஏலுமானதெல்லாம் செய்தனாங்கள். ஒரு பொட்டு வெயில் படவிடேல்லை. எண்டாலும் எழும்புறானில்லை!"

பெட்டிக்குள் பார்த்த பெற்றிசியா தலையில் கைவைத்தாள்.

"ஐயோ அப்பா, இவனுக்கு மூட்டுவாதம்! குளிர் ஆகாது, வெயில் நாட்டிலை கொஞ்ச நாள் காயவிடுங்கோ எண்டு அங்கத்தை டொக்டர் சொல்லித்தான் இவ்வளவு தூரம் கூட்டியந்தனான்!"

"உதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

"மன்னாருக்கு வந்த ஒரு சீவனுக்கு வெயில் படாமல் போகுமெண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லையே, அப்பா!"