விளிம்பு முன்னால்

ராஜபாய் தேங்காய்ச் சிரட்டையை ஒதுக்கிவிட்டு, அடுக்களை மேசையில் துரையின் தோட்டாக்களைப் பரப்பினாள்.

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு விரல்மூட்டெல்லாம் வீக்கம். துப்பாக்கியில் மாட்டும் தோட்டாக்கூட்டுக்குள் இருக்கும் சுருள்வில்லோ முரட்டுப் பயல். கொழுக்கட்டை பிடித்த பெருவிரலுக்குத்தான் அடங்குவான். அதனால் சமையற்காரியின் தலையில் இந்த வேலையும் விழுந்தது. கோட்டுப்பையில் போடும் இரண்டாவது கூட்டை மட்டும், கௌரவத்துக்காக, துரையே முக்கி முனகி நிறைத்துக்கொள்வார்.

தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. மேலே இருப்பதன் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் துரைதான்.

"விளிம்பு முன்னால, ராஜபாய். பின்னால போனா தோட்டா சிக்கி, துப்பாக்கி செத்துப் போகும்."

அவர் குறிபார்த்துச் சுடும் அழகைப் பற்றி மரியாதையாகச் சொல்ல ஒன்றுமில்லை. காட்டுப்பன்றிக்கு வைத்த குண்டு தாணுலிங்கத்தின் பசுவுக்குப் போயிற்று. போன கிறிஸ்மஸுக்கு, பன்றி விரட்டப் போன அவள் புருஷன் ஜெபதாஸின் தலைக்கட்டைக் கொண்டுபோயிற்று. துரை புதுத் துண்டு வாங்கிக் கொடுத்தார். தலை கடையில் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ.

இன்றைக்குக் கொல்லத்திலிருந்து விருந்தாளிகள். துரை சுடுவதைப் பார்க்க வேண்டுமாம். ஜெபதாஸ் தகரத்தைத் தட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டான்.

ராஜபாய் ஒரு சின்ன ஜெபம் சொன்னாள். பிறகு எல்லா விளிம்பையும் பின்னால் வைத்து அழுத்தினாள்.

துப்பாக்கி வாசல் தாண்டிய பிறகுதான் கோட்டுப்பைக் கூடு ஞாபகம் வந்தது. அடுப்பில் மீன்குழம்பு அடிப்பிடித்தது. அவள் கிளறவில்லை. வெடிச்சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே நின்றாள்.

சாயங்காலம் ஜெபதாஸ் முழுத் தலையோடு வந்து சேர்ந்தான்.

"ஏட்டி, கர்த்தர் இன்னைக்கு துப்பாக்கிக்குள்ளயே இறங்கிட்டாரு கேட்டியா. ஒரு கூடு சிக்கிச்சு. மத்ததை மாட்டினாரு, அதும் சிக்கிட்டு. பன்னி நின்னு பாத்துட்டுப் போவுது."

முன்னறையில் விருந்தாளிகள் துப்பாக்கிக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும்விட உரக்கத் திட்டியவர் துரை.

சேறு கழுவ அவருடைய கோட்டு அடுக்களைக்கு வந்தது. ராஜபாய் பையிலிருந்த, துரையே தன் கையால் நிறைத்த கூட்டை எடுத்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

எல்லா விளிம்பும் பின்னால்.

கூட்டை முந்தானையால் துடைத்து மேசையில் வைத்தாள். அப்புறம் துரையின் சாயாவில் மட்டும் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டாள்.